நான்கு கச்சேரி, மூன்று செட் கம்பி

அறையில் தனியாக வாசிக்கும்போது அவ்வளவு அழகாக ஒலிக்கிற பேஸ் கிட்டார் கம்பி, மேடையில் ஏன் காணாமல் போகிறது? இந்தக் கேள்வி ரொம்ப நாளாக என்னை விடவில்லை. அதனால் பேஸ் கிட்டார், ஆம்ப், பாட்டுப் பட்டியல் எதையும் மாற்றாமல் கம்பியை மட்டும் கச்சேரிக்குக் கச்சேரி மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மிக்சர் பக்கத்தில் சின்ன ரெக்கார்டர் ஒன்றை வைத்துவிட்டு, மறுநாள் நிதானமாகக் கேட்டேன்.

முதல் செட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட், அதாவது உள்கம்பியின் மேல் உருண்டைக் கம்பி சுற்றியது; தடிமன் 45 முதல் 105 வரை (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). முந்தின நாள்தான் போட்டேன். அறையில் பியானோவின் கீழ்க்கட்டை போல கணீரென்று ஒலித்தது. கச்சேரிப் பதிவிலோ அந்தக் கணீர் முழுக்க சிம்பலுக்கும் கிட்டாருக்கும் அடியில் போய்விட்டது. விரல் நகரும் கீச்சும், கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையில்) மோதும் 'டக்'கும்தான் மிச்சம். பாட்டுக்குத் தேவையான கனத்தைக் காணோம்.

அடுத்து ஃப்ளாட்வவுண்ட். 1960களில் அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாட்டுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இந்த வகைக் கம்பியில்தான். இதில் சுற்றுக்கம்பி பட்டையாக இருக்கும், விரலுக்கு வழவழவென்று இருக்கும். போடுவதில் அவசரம் கூடாது. கம்பியைச் சுற்றும் முளையான ட்யூனிங் போஸ்ட்டைத் தாண்டி நான்கு அங்குலம் விட்டு, வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் முதலில் செங்குத்தாக மடக்கிக்கொண்டு, அப்புறம்தான் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியின் மேல் நழுவி, கம்பி உயிரில்லாமல் ஒலிக்கக்கூடும். ட்யூன் செய்தபின் பிரிட்ஜ் சாடிலுக்கு (உடல்பக்கம் கம்பி தங்கி நிற்கும் இடம்) முன்னால் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். கம்பி அங்கே வில்லாக நிற்காமல் படிந்தது, ஒலியும் உடனே தெளிந்தது. இந்த செட்டின் இழுவிசை அதிகம் என்பதால் கிட்டாரின் கழுத்து முன்பக்கம் வளைந்துவிட்டது. கழுத்துக்குள் இருக்கும் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, இன்டொனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருக்கிறதா என்று) மறுபடி சரிபார்த்தேன்.

கச்சேரி நடந்தது எதிரொலி அதிகமுள்ள மூடிய அரங்கில். பதிவைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்! ஒவ்வொரு சுரமும் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெளிவாகத் தெரிந்தன. காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்: எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் மீட்டும் ஈ கம்பியின் (மிகத் தடித்த கம்பி) அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். சின்ன அரங்குகளின் ஸ்பீக்கர் பலவும் அவ்வளவு கீழே சரியாக இறங்காது. அதன் மடங்குகளாக 82, 123 என்று மேலே வரும் இசைவுகளை (ஹார்மோனிக்) கேட்டுத்தான் காது அந்த 41-ஐத் தானாக உணர்ந்துகொள்கிறது. ஃப்ளாட்டில் இந்தப் பகுதி திடமாக இருக்கிறது, ஒலியும் சீக்கிரம் அடங்குகிறது. சுவர் ஏற்கெனவே ஒலியை இழுத்து நீட்டும் இடத்தில் கம்பியும் சேர்ந்து நீட்டாமல் இருப்பது பெரிய உதவி.

அதே தைரியத்தில் திறந்தவெளி மேடைக்கும் ஃப்ளாட்டோடு போனேன். அங்கே டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்ட கிட்டார் இரண்டு. சவுண்ட் செக்கிலேயே டிரம்மர், "அண்ணா, நீங்க வாசிக்கிறதே கேக்கலை" என்றார். வால்யூமைக் கூட்டினால் உறுமல்தான் கூடியது. சவுண்ட் இன்ஜினியர் ஈக்யூவில் (குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டில்) 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றினார். ஓரளவு வெளியே வந்தது, ஆனாலும் போதவில்லை. ஃப்ளாட்டில் பிறக்காத மேல் இசைவை ஈக்யூவில் எவ்வளவு ஏற்ற முடியும்?

இப்போது போட்டிருப்பது நிக்கல் ரவுண்ட்வவுண்ட், அதே 45–105. இந்த முறை புதிதாகக் கொண்டுபோகவில்லை. மூன்று வாரம் ஒத்திகையில் வாசித்து, முதல் பளபளப்பு போனபிறகு மேடை ஏற்றினேன். கிக் டிரம்மின் அடிக்கு மேலே, கிட்டாருக்குக் கீழே, தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டது. இரண்டாவது பாட்டில் மேல் ஃப்ரெட்டுகளில் வரும் சின்ன ஓட்டம் பதிவில் முழுதாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. வாசித்து முடித்ததும் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைக்கிறேன். சுற்றுக்கு நடுவே வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் தெளிவும் சீக்கிரம் போய்விடும்.

அடுத்த மாதம் மறுபடி அந்த எதிரொலி அரங்கம். ஃப்ளாட் செட்டைக் கழற்றும்போது போஸ்ட்டில் சுற்றியிருந்த வளைவை நிமிர்த்தாமல் அப்படியே சுருட்டி வைத்திருக்கிறேன். கச்சேரிக்கு நான்கு நாள் முன்னால் போட்டு, கழுத்து நிலைகொள்ள நேரம் கொடுக்க வேண்டும்.