பொட்டாஷ் எப்போது வரும்

பிப்ரவரி 21
பசிபிக்கின் மார்ஷல் தீவுகளில், அமெரிக்க அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் விழுந்த ரொங்கெலாப்பில், மக்கள் திரும்பிவர வீடு, படகுத்துறை, ஓடுதளம் எல்லாம் தயார். வீடுகளைச் சுற்றி மேல்மண்ணை வழித்தெடுத்து நொறுக்கிய பவளக்கல் பரப்பியாயிற்று. கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குப் பணம் கிடைத்துவிடுகிறது. தோப்புக்குப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் உரம், யார் போடுவது?

பிப்ரவரி 23
மறுபடி மண். பவளத்தீவு முழுக்கச் சுண்ணாம்பு, களிமண் கிடையாது. களி இருந்தால் குண்டு விட்டுச்சென்ற கதிரியக்கச் சீசியம்-137ஐ இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே அது வேருக்கு எட்டும்படியே கிடக்கிறது. பொட்டாசியமும் அரிது என்பதால் அதற்குப் பதிலாக மரம் சீசியத்தை உறிஞ்சிக்கொள்கிறது: தேங்காய், இளநீர், ஈரப்பலா, தாழம்பழம் எல்லாவற்றிலும். இன்னொரு கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 அவ்வளவு ஏறாது, சுண்ணாம்பு மிகுதி அதைத் தடுத்துவிடும். குண்டுச் சோதனை நடந்த பிகினித் தீவில் பொட்டாசியம் குளோரைடு உரம் இட்ட மரங்களின் காயில் சீசியம் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது.

40 செ.மீ. மண்ணையே வாரிவிடலாமே என்று இன்றும் கேட்டார்கள். மட்கு அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது. வாரினால் தோப்பு போகும். வாரியதை எங்கே கொட்டுவது? இன்னொரு சோதனைத் தீவான எனிவெடாக்கில், ருனிட்டில் குண்டு தோண்டிய பள்ளத்தில் கொட்டி 46 செ.மீ. கான்கிரீட்டால் மூடினார்கள். அடியில் தளமே போடவில்லை, ஓதம் உள்ளே வந்து போகிறது.

பிப்ரவரி 24
சரக்குக் கப்பலைப் பற்றித் தகவல் இல்லை.

பிப்ரவரி 27
கதிரளவைக் கணக்கிட இரண்டு சாப்பாட்டுப் பட்டியல் வேண்டும். அரிசி, மாவு, டின் மீன் வரும் மாதத்துக்கு ஒன்று, வராத மாதத்துக்கு ஒன்று. கப்பல் தவறினால் தேங்காய்தான் சோறு, உடம்பில் ஏறும் சீசியம் மடங்காகும். பிகினிக்குத் திரும்பலாம் என்று அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் 1968இல் அறிவித்தபோது தேங்காய்க் கணக்கைக் குறைத்தே போட்டிருந்தார்கள். திரும்பியவர்களின் உடம்பை அளந்து பார்த்து 1978இல் மறுபடி வெளியேற்றினார்கள்.

மார்ச் 1
பிராவோ, பிகினியில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு. 1954. 15 மெகாடன். ரொங்கெலாப்பில் சாம்பல் கொட்டியது, இரண்டு நாள் கழித்தே மக்களை ஏற்றிப் போனார்கள். 1957இல் பயமில்லை என்று கொண்டுவந்து விட்டார்கள். 1985இல் மக்களே கிளம்பிவிட்டார்கள். இனி யார் பயமில்லை என்று சொன்னாலும், அந்தத் தீவிலேயே அளந்த எண்ணைக் காட்டிவிட்டுச் சொல்லட்டும்.

மார்ச் 2
எழுத மனமில்லை.

மார்ச் 4
உரமிடுபவர்களுக்கான குறிப்பு: ஓலைப் பரப்புக்கு அடியில் சீராகத் தூவ வேண்டும், குவித்தால் வேர் கருகும். குரும்பை முற்ற ஏறக்குறைய ஓராண்டாகும். இன்று போட்டுவிட்டு அடுத்த மாதமே காயை அளந்து பலனில்லை என்று விட்டுவிடக் கூடாது. சில ஆண்டுகளில் மீண்டும் இட வேண்டும். தென்னை நண்டையும் அளக்க வேண்டும், தேங்காய் தின்று சீசியத்தைச் சேர்த்து வைத்திருக்கும். காயல் மீனில் குறைவு, பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மார்ச் 6
சீசியம் பாதியாக 30 ஆண்டு என்கிறது பாடநூல். இந்தத் தீவுகளில் மழை அதை வேருக்குக் கீழே கழுவிவிடுவதால் மரங்களில் எட்டு, ஒன்பது ஆண்டிலேயே பாதியாகிறது. எண்பதுகளின் எண்ணையே இன்னும் நீட்டுகிறார்களே! கிலித் தீவில் பிகினிக்காரர்கள் 1948இலிருந்து காத்திருக்கிறார்கள். அங்கே காயலும் இல்லை, அலை மிகுந்த மாதங்களில் சரக்கு இறக்கவும் முடியாது.

மார்ச் 9
கப்பல் கிளம்பிவிட்டதாம். பட்டியலில் அரிசி இருக்கிறது, பொட்டாஷ் இல்லை. மறுபடி கேட்டு எழுத வேண்டும், இந்த முறை தோப்புவாரியாக மூட்டைக் கணக்குப் போட்டு.