பின்பக்க சுவர் அக்காவோடது

எங்க வீடு பெங்களூர் எஜிபுரால, இருபதுக்கு முப்பது சைட்டு, பக்கத்துல இழுக்க இடமே இல்ல அதனால மேலதான் போகணும், தை மாசம் மாடில ஒரு ரூமும் பாத்ரூமும் எடுக்க ஆரம்பிச்சோம். வேலைக்கு வந்தது ஒரு மேஸ்திரி, ரெண்டு கொத்தனார், ஒரு பெரியாள் (ஆம்பள உதவியாள்), மூணு சித்தாள். சித்தாள் மூணு பேருமே திருவண்ணாமலை பக்கம், செங்கம் தாண்டி உள்ள போகணும், எங்க அம்மாவோட ஊருக்கு ரெண்டு ஊர் தள்ளி. அதுல மூத்த அக்காவப் பத்திதான் எழுதணும்னு ஒரு மாசமா நெனச்சுட்டு இருக்கேன்.

முதல்ல என்னப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். நான் சிவில் டிப்ளமோ, ஒரு பில்டர்கிட்ட சைட் சூப்பர்வைசரா இருக்கேன். எங்க அம்மா 1993ல கைக்குழந்தையோட பெங்களூர் வந்து பதினேழு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவங்க, அந்தக் கைக்குழந்தை நான்தான். அதனால சைட்ல ஒரு பொம்பள தலைல சும்மாடு வெச்சு சட்டி தூக்கறதப் பார்த்தா என்னால வெறும் லேபர் கணக்கா பார்க்க முடியாது.

அந்த அக்கா இந்த வேலைக்கு வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு. கலவையப் பார்த்தாலே தெரியும் அவங்களுக்கு, எம் சாண்ட்ல, அதாவது கல்ல அரைச்சு எடுக்கற மணல்ல, தூசி ஜாஸ்தியா இருந்தா கைல அள்ளி உதறிட்டு "இத்த சலிக்காம போட்டா வெடிப்பு வுடும்"னு சொல்லுவாங்க, சொன்ன மாதிரியே ஆகும். ஒரு நாள் கீழ நின்னு அண்ணாந்து பார்த்துட்டு "தம்பி, அந்த மூல வெளிய தள்ளிக்கினு கீது பாரு"ன்னாங்க, கொத்தனார் தம்பி நம்பாம தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான், அரை இஞ்ச் வெளில. அந்தத் தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். அவன் ஊர்ல இருந்து வந்த புதுசுல கலவை எப்படி கலக்கறதுன்னு காட்டிக் கொடுத்ததே இந்த அக்காதானாம். அவன் நாலு வருஷத்துல கொத்தனார் ஆயிட்டான், நாள் கூலி 1100. பெரியாளுக்கு 800. அக்காவுக்கு 650.

ஆம்பள எப்படி கொத்தனார் ஆகறான்னு பாருங்க. யாரும் கிளாஸ் எடுக்கறதில்ல. கொத்தனார் டீ குடிக்கப் போற நேரத்துல பூச்சுக் கரண்டிய எடுத்து பாத்ரூம் உள்பக்கமோ லாஃப்டுக்கு மேலயோ கண்ணுக்குத் தெரியாத இடமாப் பார்த்து ரெண்டு கை பூசிப் பார்ப்பான், கொத்தனார் வந்து திட்டுவாரு, திட்டிட்டே சரி பண்ணியும் காட்டுவாரு, அப்படியே ரெண்டு மூணு வருஷம் போனா ஒரு நாள் ஆள் வரலன்னு இவனையே சாரத்துல ஏத்திடுவாங்க. அதே டீ டைம்ல சித்தாள் என்ன பண்றா, தண்ணி புடிச்சு வைக்கணும், பிளாக் அடுக்கணும், குழந்தை இருந்தா ஓடிப்போய் பால் கொடுக்கணும். அப்படியே நேரம் கிடைச்சு கரண்டிய கைல எடுத்தாலும் "இன்னாக்கா மேஸ்திரி ஆவப் போறியா"ன்னு சுத்தி நாலு பேர் சிரிப்பான். எங்க அம்மாவுக்கும் அதுதான் நடந்தது, பதினேழு வருஷத்துல ஒரு சுவர் கூட அவங்க பூசினது இல்ல. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு சட்டம் 1976லயே வந்தாச்சு, ஆனா பொம்பளைக்கு சித்தாள்னு வேற பேரு வெச்சுட்டா அது வேற வேலை ஆயிடுதே, அப்புறம் சட்டத்த எங்க கொண்டு போய் காட்டறது.

அரசாங்கத் திட்டம் இல்லாம இல்ல. 2015ல ஆரம்பிச்ச பிரதான் மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனால, ஏற்கனவே வேலை தெரிஞ்சவங்கள சோதிச்சுப் பார்த்து சர்டிஃபிகேட் கொடுக்கற ஒரு பிரிவு இருக்கு, ஆர்பிஎல்னு சொல்லுவாங்க, கேக்கறதுக்கு ரொம்ப நல்ல விஷயம், சைட்டுக்கே வந்து கூட பண்ணுவாங்க. நான் முன்னாடி இருந்த ஒரு சைட்ல அது நடந்தது. பேரு கொடுங்கன்னு எங்ககிட்டதான் கேட்டாங்க, நாங்க மஸ்டர் ரோல, அதாவது ஆள் வருகைப் பதிவேட எடுத்து கொத்தனார், கம்பி கட்டறவர், டைல்ஸ் போடறவர்னு போட்டிருந்த பேரெல்லாம் எழுதிக் கொடுத்தோம். ஒரு பொம்பள பேரு கூட இல்ல. எழுதினது நான்தான், அது அன்னைக்கு எனக்கு உறைக்கவே இல்ல, வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்லிட்டு இருக்கும்போதுதான் உறைச்சுது. செஞ்ச வேலைக்குத்தான் சர்டிஃபிகேட்னா, கரண்டியவே தொட விடாதவங்களுக்கு எத வெச்சு சர்டிஃபிகேட் கொடுப்பாங்க?

சரி, அப்ப புதுசா கத்துக்கற மூணு மாசக் கோர்ஸுக்குப் போகலாமேன்னு அக்காகிட்ட கேட்டேன். அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க, "அந்த மூணு மாசம் கூலி யாரு குடுப்பா?" மாசம் 26 நாள்னு போட்டா மூணு மாசம் 78 நாள், 650 வீதம் 50,700 ரூபா. ஊர்ல மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டு மழை ஏமாத்தின வருஷம் வாங்கின கடனுக்கு வட்டியே மாசாமாசம் போயிட்டு இருக்கு, பொண்ணு எட்டாவது, பையன் மூணாவது. ஃபீஸ் இல்லாத கோர்ஸ்னு நாம சொல்றோம், அவங்களுக்கு அதோட விலை 50,700. இலவசப் பயிற்சின்னு போர்டு வெச்சுட்டு ஆள் வரலன்னு புலம்பறவங்க இந்தக் கணக்க ஒரு தடவ போட்டுப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப ஆதங்கம்.

இதுக்கு வழியே இல்லன்னும் சொல்ல முடியாது. கிராமத்துல வீடு கட்டற பிரதமர் ஆவாஸ் திட்டத்துல கொத்தனார் பயிற்சி 45 நாள், நிஜமாவே ஒரு பயனாளியோட வீட்டக் கட்டிக்கிட்டேதான் கத்துக்கறாங்க. ஜார்க்கண்ட்ல கழிப்பறை கட்டறதுக்கு ஆள் பத்தாம கிராமத்துப் பொம்பளைங்களுக்கே கொத்தனார் வேலை கத்துக் கொடுத்தாங்க, அவங்களுக்கு ராணி மிஸ்த்ரின்னு பேரே வந்துடுச்சு. வேலை நடக்கற இடத்துல கத்துக் கொடுத்தா கத்துக்கறாங்க, அவ்வளவுதான்.

நகரத்துல காசும் இல்லாம இல்ல. 1996ல வந்த சட்டத்துல இருந்தே கட்டடச் செலவுல 1 சதவீதம் செஸ்ங்கற வரி வசூல் பண்ணி தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகுது, பெங்களூர்ல எழும்பற ஒவ்வொரு பெரிய அபார்ட்மெண்ட்ல இருந்தும் போகுது. அந்தப் பணத்துல இருந்து கத்துக்கற நாளுக்கு கூலி கொடுத்தா என்னங்க? வாரியத்துல பதியணும்னா 18ல இருந்து 60 வயசுக்குள்ள இருக்கணும், முந்தின ஒரு வருஷத்துல 90 நாள் கட்டட வேலை பார்த்திருக்கணும், அதுக்கு ஒருத்தர் கையெழுத்து போடணும். இன்னைக்கு எஜிபுரா, நாளைக்கு ஹெச்எஸ்ஆர், அடுத்த வாரம் பொம்மனஹள்ளின்னு வேலை பார்க்கறவங்களுக்கு யாரு போடுவா, பத்து ஓனர் பின்னாடி அலைய முடியுமா. அக்காகிட்ட அமைப்புசாரா தொழிலாளிங்களுக்கு மத்திய அரசு கொடுக்கற இ-ஷ்ரம் கார்டு இருக்கு, பன்னெண்டு நம்பர் போட்டது, பர்ஸ்ல பத்திரமா வெச்சிருக்காங்க, ஆனா இங்க வாரியத்துல பதிஞ்ச லேபர் கார்டு இல்ல. குழந்தைகளப் பார்த்துக்கற ரூம் விஷயமும் இப்படித்தான், அம்பது பேருக்கு மேல பெண்கள் வேலை செய்யற இடத்துல கட்டாயம்னு 1996ல வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம் சொல்லுச்சு, மாடில ஒரு ரூம் எடுக்கற வீட்டுல மூணு சித்தாளுக்கு அது எப்பவுமே பொருந்தாது.

அதனால நான் என் கைல இருக்கறத செய்யலாம்னு முடிவு பண்ணேன். பூச்சு வேலை ஆரம்பிக்கற அன்னைக்கு மேஸ்திரிகிட்ட போய், பெட்ரூம் பின்பக்க சுவர் அக்காவுக்கு, முடியற வரைக்கும் அவங்களுக்கு கொத்தனார் கூலின்னு சொன்னேன். அவர் ஓசூர்க்காரர், நல்ல மனுஷன்தான், ஆனா மூஞ்சி மாறிடுச்சு, "சுவரு கெட்டுப்போனா நான் பொறுப்பில்லம்மா"ன்னார். என் வீடு, என் பொறுப்புன்னு சொல்லிட்டேன். அக்காதான் ரொம்ப பயந்தாங்க, "வேணாம் கண்ணு, நாலு பேரு முன்னாடி"ன்னு பின்னாடி போனாங்க. எங்க அம்மா மாடிப்படி ஏறி வந்து, முட்டி வலியோட, கரண்டிய எடுத்து அவங்க கைல வெச்சாங்க.

முதல் நாள் பூசினதுல பாதி மத்தியானத்துக்குள்ள விழுந்துடுச்சு. சுவர் சரியா நனையல, பீமும் பிளாக்கும் சேர்ற இடத்துல கோழி வலையும் சரியா அடிக்கல, அது பெரியாள் பண்ண தப்பு, ஆனா எல்லாரும் அக்காவத்தான் பார்த்தாங்க. அவங்க ஒண்ணும் பேசாம விழுந்தத சுரண்டி எடுத்துட்டு திரும்ப தண்ணி அடிச்சாங்க. ரெண்டாவது நாள் அந்த கொத்தனார் தம்பி தானாவே பக்கத்துல வந்து நின்னான், "கையால அழுத்தாதக்கா, மணிக்கட்ட சுழட்டி வீசு, கலவை தானா ஒட்டும்"னு காட்டினான். கனத்துக்கு அடையாளமா புள்ளி வெச்சு, தூக்குக்குண்டு பார்த்து, மட்டப்பலகை இழுத்து, வழவழன்னு ஆக்க மணியாசுக்கட்டை தேய்க்கறது வரைக்கும் மூணாவது நாள் அவங்களே பண்ணாங்க. கனம் 12 எம்எம்தான் இருக்கணும், சில இடத்துல 15 போயிருக்கு. நான் சைட்ல சூப்பர்வைசரா பார்த்தாலும் அந்த சுவர பாஸ் பண்ணியிருப்பேன், சத்தியமா சொல்றேன்.

மொத்தம் நாலு நாள் ஆச்சு. கூலி வித்தியாசம் ஒரு நாளைக்கு 450, நாலு நாளைக்கு 1800, அதோட ஒரு மூட்டை சிமெண்ட் கூட போச்சு. எனக்கு ஆன செலவு இவ்வளவுதான். ஒரே சுவத்துல யாரும் கொத்தனார் ஆயிட முடியாது, இன்னும் அஞ்சாறு சுவர் வேணும், வெளிப்பூச்சு வேற, சீலிங் வேற.

இப்ப அந்த மேஸ்திரியே ஹொஸ்கோட்டே பக்கம் ஒரு வீட்டு வேலைக்கு அக்காவ உள்பூச்சுக்கு கூட்டிட்டுப் போயிருக்கார், 900 ரூபா கொடுக்கறார். ஏன் 1100 இல்லன்னு நான் போன்ல சண்டை போட்டேன், பாத்ரூம் மூலை எல்லாம் தனியா பண்ணட்டும் ஏத்தித் தரேன்னார். விடப் போறதில்ல நான். அக்கா கே.ஆர். மார்க்கெட் போய் சொந்தமா ஒரு கரண்டி வாங்கிட்டாங்க, வேற யாரும் மாத்தி எடுத்துடக் கூடாதுன்னு கைப்பிடில பொண்ணோட நெயில் பாலிஷ்ல செவப்பா கோடு போட்டு வெச்சிருக்காங்க.

மத்த ரெண்டு சித்தாளுங்களும் போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து "எங்களுக்கும் ஒரு செவுரு கெடைக்குமா"ன்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க. என் வீட்டுல சுவர் முடிஞ்சுது. பெங்களூர்ல இப்ப யாராவது வீடு கட்டறீங்கன்னா, அலமாரி வர்ற சுவரோ ஸ்டோர் ரூம் சுவரோ ஒண்ணு போதும், எனக்கு சொல்லுங்க, மேஸ்திரிகிட்ட பேசறதும் நாலு நாள் கூட நின்னு பார்த்துக்கறதும் நான் செய்யறேன்.