மேட்டில் காலை வாரும் கியர் லீவர்

இத்தாலியின் டஸ்கனியில் 1997 முதல் நடக்கும் லெரோய்க்கா சைக்கிள் சவாரிக்கு 1987-க்கு முந்தைய பந்தய சைக்கிள் வேண்டும். கியர் லீவர் ஃப்ரேமின் சாய்வுக் குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு மேலே வளைந்து தெரிய வேண்டும். கம்பளிச் சட்டை, முறுக்கிய மீசை என்று அலங்காரமெல்லாம் பிரமாதம்தான். முதல் சரளை மேடு வரும்வரை.

ஒவ்வொரு கியருக்கும் ‘டிக்’ என்று நிற்கும் இக்கால லீவரின் சத்தத்துக்குப் பழகிய கை, வலது லீவரைப் பின்னால் இழுத்துவிட்டு சத்தத்துக்குக் காத்திருக்கும். வராது. ஃப்ரிக்‌ஷன் லீவருக்குப் படிகளே கிடையாது, உரசலால் மட்டுமே நிற்கும். செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நின்று கரகரக்கும். பெடலை லேசாக மிதித்தபடி, செயின் ஏறும்வரை கூடுதலாக ஒரு நூல் இழுத்து, ஏறியதும் சத்தம் அடங்கும்வரை அந்த நூலளவு திருப்பித் தள்ள வேண்டும். கணக்கு முழுக்கக் காதில்தான்.

பெடலோரச் சக்கரங்களை மாற்றும் இடது லீவர் தனிக் கூத்து. வலதைப் பின்னால் இழுத்தால் மிதி லேசாகும், இடதை இழுத்தால் கனக்கும். மேட்டில் பதறி இரண்டையும் சேர்த்து இழுத்தால் செயின் முன்னாலுள்ள பெரிய சக்கரத்திலிருந்து பின்னாலுள்ள பெரிய பல்சக்கரத்துக்குக் குறுக்காக விறைத்து நிற்கும்.

சீட்டைவிட்டு எழுந்து மிதிக்கும்போதுதான் உச்சக்கட்டம். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பின் டிரெய்லியரின் ஸ்பிரிங் கேபிளை எப்போதும் சிறிய பல்சக்கரப் பக்கமே இழுக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது லீவருக்குள் இருக்கும் வாஷர்களின் உரசல் மட்டுமே. ஃப்ரேம் நெளிந்து கேபிள் கொஞ்சம் இழுபட்டாலே, தளர்ந்த லீவர் தானாக நழுவி, மூச்சு முட்டும் இடமாகப் பார்த்துக் கனத்த கியரைப் போட்டுக் கொடுக்கும்!

வைத்தியம், லீவர் தலையில் மடிந்து கிடக்கும் வளைய ஸ்க்ரூ. விரலால் கால் சுற்று முறுக்கினால் போதும். ரொம்ப முறுக்கினால் லீவரை நூலளவு நகர்த்த முடியாது. வீட்டிலேயே சோதிக்கலாம்: பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, பெடலைச் சுற்றிச் செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றி, குழாயோரக் கேபிளை வில் நாண்போல் பக்கவாட்டில் இழுங்கள். லீவர் அசைந்தால் இன்னும் முறுக்கு வேண்டும்.

கடினமாக இருக்கிறதே என்று எண்ணெய் விடுகிற புண்ணியவான்கள் உண்டு. உரசலுக்கென்றே செய்த பொருளுக்கு எண்ணெயா? விட்டாயிற்று என்றால் கழற்றி, வாஷர்களை வந்த வரிசையிலேயே துணியில் அடுக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டுங்கள். வட்டமில்லாத துளையுள்ள வாஷர் குழாயின் குமிழில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் லீவரோடு அதுவும் சுழன்று, ஸ்க்ரூவைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றும்.

இதற்கெல்லாம் அழகான விடை ஃபிரான்ஸின் சிம்ப்ளெக்ஸ் நிறுவனம் 1970-களில் செய்த ரெட்ரோஃப்ரிக்‌ஷன் லீவர். அந்தப் பெயரைப் பார்த்து ‘பழசு’ என்று அர்த்தம் பண்ணுபவர்கள் ஏராளம். லத்தீனில் ரெட்ரோ என்றால் பின்பக்கமாக. உள்ளே சுற்றியிருக்கும் ஸ்பிரிங், இழுக்கும்போது தளர்ந்து வழிவிடும். கேபிள் பின்வாங்கப் பார்த்தால் இறுக்கிப் பிடிக்கும். அன்றைக்கு அது புத்தம்புது சரக்கு.

1984-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் தன் டியூரா-ஏஸ் பாகத் தொகுப்பில் ‘டிக்’ லீவரைக் கொண்டுவந்தது. கூடவே, ‘டிக்’ தகராறு செய்தால் பழைய உரசலுக்கே திரும்ப அதே லீவரில் ஒரு வளையத்தையும் வைத்துக் கொடுத்தது.