ஃப்ளெக்ஸில் விரிந்த கண்மாய்

ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல தலைவர் படம் எங்குட்டு வைக்கணும் டீச்சர்?" என்று கேட்டார். தலைவர் படம் கிடையாது, காதணி விழாவோ கண்ணீர் அஞ்சலியோ கிடையாது, எங்கள் ஊரை வானத்திலிருந்து எடுத்த படம், பத்தடிக்கு எட்டடி வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவருக்கு மனசு ஆறவில்லை. சும்மா விடக்கூடாதென்று ஓரத்தில் ஒரு ரோஜாப்பூவையாவது வைத்துத் தந்தார். எங்கள் கண்மாயின், அதாவது ஊர் ஏரியின், தென்கிழக்கு மூலையில் அந்த ரோஜா இன்றும் பூத்திருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். செயற்கைக்கோள் படங்களை முதலில் மடிக்கணினியில்தான் காட்டினேன். முன்வரிசைப் பிள்ளைகளின் தலைதான் பின்வரிசைக்குத் தெரிந்தது. நெட்டும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஊர்த் திருவிழாவுக்குக் கட்டிய பேனர் ஒன்று காற்றில் அவிழ்ந்து பள்ளி வாசலில் வந்து விழுந்தது. அதைச் சுருட்டும்போதுதான், ஊரையே இப்படித் தரையில் விரித்தால் என்ன என்று தோன்றியது.

அதற்கு முன்னால் ஒரு சிறிய பயிற்சி செய்தோம். சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர் பாட்டில், ஒரு செருப்பு, மூன்றையும் தரையில் வைத்து, பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்து வரையச் சொன்னேன். தட்டு எல்லோருக்கும் வந்துவிட்டது. பாட்டிலை முக்கால்வாசிப் பேர் நிற்கிறமாதிரியே வரைந்தார்கள். மேலிருந்து பார்த்தால் பாட்டில் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் மட்டுமே என்பதைக் கண் பார்த்தாலும் கை ஒத்துக்கொள்ளவில்லை. கைக்குத் தெரிந்த பாட்டிலைத்தான் கை வரையும். இதைத் தாண்டாமல் எந்தப் படத்தை விரித்தும் பயனில்லை என்று அன்று புரிந்தது. இரண்டு பாடவேளை இதற்கே போனது. போகட்டும்.

சரி, ஃப்ளெக்ஸ் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் ஊர்மேல் ஏறினார்கள். தேரிருவேலிச் சாலை எங்கே, கோயில் எங்கே என்று நான் வரிசையாகக் கேட்க நினைத்திருந்தேன். ஒருவரும் என் பேச்சைக் கேட்கவில்லை. தவழ்ந்து தவழ்ந்து அவரவர் வீட்டைத் தேடினார்கள். மாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே கிடைத்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் வெகுநேரம் தேடிவிட்டு, கடைசியில் அடுத்த தெருவில் ஒரு காரை வீட்டின்மேல் விரலை வைத்து, "இதுதான்" என்றாள். அவள் வீடு பனையோலைக் கூரை. மேலிருந்து பார்த்தால் மண்ணின் நிறம்தான். பக்கத்து வைக்கோல் படப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அவள் பொய் சொல்கிறாள் என்பது எனக்கும் தெரிந்தது, வகுப்புக்கும் தெரிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து முதல் கேள்வியை மாற்றிவிட்டேன். வீட்டைத் தேடச் சொல்வதில்லை, கிணற்றைத் தேடச் சொல்கிறேன்.

படம் கோடையில் எடுத்தது. வயல்கள் எல்லாம் வெளுத்துக் கிடக்க, கண்மாய்க்குள் மட்டும் பச்சை. நான் வாத்தியார் குரலில் விளக்கினேன்: தண்ணீர் வற்றினாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும், அதை வைத்து யாரோ பயிர் செய்திருக்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. லீவு நாளில் ஆடு மேய்க்கப் போகிற ஏழாம் வகுப்புப் பையன். "பயிரா? அது கருவை டீச்சர். அங்குட்டுத்தான் ஆடு பத்திட்டுப் போவோம்."

சீமைக்கருவேலம். இந்த மாவட்டத்தில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, கண்மாய்க்குள் கருவை நிற்கும் என்று எனக்குத் தோன்றாமல் போனது வெட்கம்தான். பச்சை என்றால் பயிர் என்று புத்தகம் படித்த கண் முடிவு செய்துவிட்டது. அதோடு அவன் நிற்கவில்லை. பச்சைக்கு வெளியே கருப்புக் கருப்பாக வட்டங்கள் இருந்தன. கிணறுகள் என்று நினைத்திருந்தேன். "கரிமூட்டம் போட்ட எடம்" என்றான். அவனே எண்ணினான், பதினொன்று.

அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை மூடிவைத்துவிட்டு, மூட்டம் எப்படிப் போடுவார்கள் என்று அவனைச் சொல்லச் சொன்னேன். விறகை அடுக்கி, தழையும் வைக்கோலும் போட்டு மூடி, மேலே மண்ணை அப்பி, உள்ளே தீயை வைத்து நாள்கணக்கில் கனியவிடுவது. எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும் என்பதால் ராத்திரியும் ஆள் காவல் இருப்பது. அவன் அத்தனையும் சொன்னான். எரிதலுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதை மெழுகுவத்தியைக் கண்ணாடித் தம்ளரால் மூடிக் காட்டி வருஷாவருஷம் நடத்துகிறேன். காற்றைக் குறைத்தால் விறகு கரியாகிறது, விட்டால் சாம்பலாகிறது என்று ஒரு குடும்பத்தின் வரும்படியோடு சேர்த்து யாரும் அதற்குமுன் என் வகுப்பில் சொன்னதில்லை.

அப்புறம் நிறம். இஸ்ரோ 2009-இல் தொடங்கிய புவன் தளம் மாதிரியான இடங்களில், செடிகொடிகளைச் சிவப்பாகக் காட்டும் படங்கள் கிடைக்கும். எங்கள் ஊர்ப் படம் ஒன்றை அச்செடுத்துக் காட்டி, இந்தச் சிவப்பு என்னவென்று கேட்டேன். "மொளகாக் களம்!" என்று ஒரே குரல். இந்த ஊரில் வேறென்ன பதில் வரும்? மாசி, பங்குனியில் முண்டு மிளகாய் காயாத இடமே கிடையாது. இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்புகிறது, அந்த ஒளிக்கு நாம் சிவப்பு வண்ணம் கொடுத்துக்கொள்கிறோம் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒளியை எப்படி நம்புவது? டிவி ரிமோட்டை எடுத்துப் போனேன். பொத்தானை அழுத்தினால் முனையில் இருக்கும் குட்டி பல்பில் எதுவும் தெரியாது. அதையே போனின் செல்ஃபி கேமரா வழியாகப் பார்த்தால் ஊதா வெளுப்பாக மின்னுகிறது. எல்லாப் போனிலும் தெரிவதில்லை, என் பழைய போனில் நன்றாகத் தெரிந்தது. அன்று மாலை ஊரில் எத்தனை ரிமோட்டுகளின் பேட்டரி தீர்ந்ததோ.

அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், அதனால் கையிலிருந்த படத்தில் தண்ணீர் கருப்பாக விழ வேண்டும். ஆனால் கண்மாய் சிவந்து கிடந்தது. ஆடு மேய்க்கிற பையன் சொன்னதற்குச் செயற்கைக்கோள் சாட்சி சொன்னது.

புள்ளிக் கணக்கும் பிள்ளைகளுக்குப் பிடித்தது. லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் சுமார் 22 சென்ட். சதுர மீட்டர் என்றபோது முழித்தவர்கள் சென்ட் என்றதும் நிமிர்ந்தார்கள். "எங்க கொல்லையே அம்புட்டு இல்லையே, அப்ப எங்க வீடு புள்ளிக்குள்ள எப்படித் தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள். தெரியாது. உன் வீடும் பக்கத்து வீடும் வேப்பமரமும் கலந்து ஒரே நிறமாகத்தான் வரும். சென்டினல்-2 என்ற இன்னொரு செயற்கைக்கோளின் படத்தில் புள்ளி 10 மீட்டர், இரண்டரை சென்ட் சுமார், அதில் வேப்பமரத்தைப் பிரித்துவிடலாமா என்று அவளே கணக்குப் போட ஆரம்பித்தாள்.

இவ்வளவு சொன்னாலும், எனக்குப் பிடித்த வகுப்பு வரைபடத்தில் ஒன்றுமே இல்லாததால் கிடைத்த வகுப்புதான். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாளில், ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்க்கும் உயரக் கோடுகளை 20 மீட்டர் இடைவெளியில் போடுவார்கள். மலைப்பக்கம் என்றால் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும். எங்கள் பக்கம் நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கினால் அதிகம். அப்படியானால் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் 20 கிலோமீட்டர், தாளில் 40 சென்டிமீட்டர். தாளில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "நம்மூருக்குச் சரிவே இல்லையா டீச்சர்?" என்றார்கள்.

அப்போது இன்னும் அகலமான படம் ஒன்றை விரித்தேன், மாவட்டத்தில் பாதியை. அதில் கண்மாய்கள் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகக் கிடக்கும். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருப்பது என்று முடிவெடுத்தேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை. ஐந்து நிமிடம் கழித்து ஒருவன், "எல்லாக் கண்மாயும் ஒரே பக்கம் வாயைத் திறந்திருக்கு" என்றான். ஆமாம். கரை அநேகமாகக் கிழக்கே, தென்கிழக்கே வளைந்திருக்கிறது; மேற்குப் பக்கம் திறந்து கிடக்கிறது. தண்ணீர் வருகிற பக்கம் எதற்குக் கரை? அப்படியானால் நிலம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. அளவைத் துறைக் கோடு காட்டாத சரிவைக் கண்மாய்க் கரை காட்டிக்கொண்டிருந்தது. ஒரு கண்மாயின் கலுங்கு, அதாவது மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம், வழிந்து எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று விரலால் ஓட்டிக்கொண்டே போனார்கள். ஒருவன் வைகையைப் பிடித்துக்கொண்டு மதுரை, பரமக்குடி என்று வந்தான். கடலுக்கு முன்னாலேயே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் ஆறு முடிந்துவிட்டதைப் பார்த்து, விரலை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

சரிவு இருக்கிறது என்றால் அளந்து பார்க்கலாமே. ஒரு பையனின் அப்பா கொத்தனார். அவர் அஸ்திவாரத்துக்கு தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் இருபது மீட்டர் ட்யூபைக் கடன் கொடுத்தார். தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரமாகக் கண்மாயை நோக்கிப் பத்து முறை மாற்றி மாற்றி வைத்து 200 மீட்டர் அளந்தோம். முதல் நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுகிறது. கொத்தனார் வந்து ட்யூபை வெயிலில் தூக்கிப் பார்த்து, "உள்ள குமிழி நிக்குது டீச்சர். குமிழி இருந்தா மட்டம் பொய் சொல்லும்" என்றார். மறுநாள் மறுபடி. இந்த முறை இறக்கம் வந்தது, 200 மீட்டருக்கு ஒரு சாணுக்கும் குறைவு. அந்தச் சாணை நம்பித்தான் இத்தனை ஊர்க் கண்மாய்களும் வெட்டப்பட்டிருக்கின்றன.

1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னைப் பரங்கிமலைப் பக்கம் தரையில் சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளக்கத் தொடங்கிய கதையை அப்போது சொன்னேன். வேறொரு நாள் சொல்லியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பார்கள். குமிழியிடம் ஏமாந்த பிள்ளைகள் சங்கிலி வெயிலில் நீளுமே, அதுக்கு என்ன செய்தார் என்று கேட்டார்கள்.

பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர், அறிவியல் பாடவேளையில் எதற்கு வரைபடம், இது சமூக அறிவியல் ஆசிரியர் வேலை அல்லவா என்றார். ட்யூபைக் காட்டி, இது திரவ அழுத்தம் சார் என்றேன். குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

ஒரு கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸில் ஊர் ஒரு கொத்தாகவும், நடுவில் இரண்டு வயல் தள்ளி காலனி இன்னொரு கொத்தாகவும் இருக்கும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த இரண்டு வயலில் கையை வைத்து, "இங்க மட்டும் ஏன் டீச்சர் வீடு கட்டல? பள்ளமா?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அந்த ஃப்ளெக்ஸ் மேல்தான் முட்டிக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பள்ளம் இல்லை என்று மட்டும் சொன்னேன். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஊருணியைக் காட்டி வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

போன வருஷம் கண்மாய்க்குள் கருவையை ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. தண்ணீர் கலுங்கைத் தொட்டது. பங்குனியில் எதிர்பாராத தூறல் விழுந்தபோது களத்தில் கிடந்த மிளகாயை மூட, ஒரு அப்பா அவசரமாக வந்து ஃப்ளெக்ஸை வாங்கிப் போனார். திரும்பி வரும்போது அதில் விதையும் நெடியுமாக ஒட்டியிருந்தது. விரித்தவுடன் வகுப்பே தும்மியது. தும்மி முடித்ததும், ஆடு மேய்க்கிற அந்தப் பையனின் தம்பி, இப்போது அவன் ஆறாம் வகுப்பு, பச்சையாகக் கிடந்த கண்மாய்மேல் நின்றுகொண்டு, "டீச்சர், இந்தப் படம் தப்பு" என்றான். நீலச் சாக்பீஸ் கேட்டான். ஃப்ளெக்ஸில் சாக்பீஸ் பிடிக்காது என்றேன். கேட்கவில்லை, கரையை ஒட்டிக் கோடு இழுக்க ஆரம்பித்துவிட்டான்.