வரைபடத்தில் சைக்கிளுக்கும் ஓர் இடம்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்து உச்சிப்புளியில் எங்கள் மனையில் கீழே கடைகளும் மாடியில் டியூஷன் வகுப்புகளுமாக ஒரு கட்டடம் எழுப்ப முடிவு செய்தோம். பொறியாளர் கொண்டுவந்த முதல் வரைபடத்தில் காருக்கும் பைக்குக்கும் கோடு போடப்பட்டிருந்தது, சைக்கிளுக்கு இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் சுவரோரம் சாத்திக்குவாங்க சார்" என்றார். மாடிக்கு வரப்போகும் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளில் பலர் அரசு தந்த விலையில்லாச் சைக்கிளில்தான் வருவார்கள் என்பதால் நான் விடவில்லை.

கடையின் அளவு குறையுமே என்பதுதான் அண்ணனின் கவலை. ஒரு கார் நிற்கும் 5 மீட்டருக்கு 2.5 மீட்டர் இடத்தில், கவிழ்த்த 'ப' வடிவக் குழாய்களை ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டால், குழாய்க்கு இரண்டாகப் பத்து சைக்கிள் நிற்கும் என்று தாளில் போட்டுக் காட்டிய பிறகே இசைந்தார். ஆனாலும் விதிப்படி காட்ட வேண்டிய கார் இடத்தில் கை வைக்க முடியாது; ஆகவே படிக்கட்டை ஒட்டிய கடையைச் சற்றுச் சுருக்கினோம். அந்த இடத்துக்கு மேலே மாடி இருப்பதால் சைக்கிள்களுக்கு நிழலும் தானாகக் கிடைத்தது. விண்ணப்பிக்கும் முன்பே வரைபடத்தில் சேர்த்துவிட்டதால் அனுமதியில் தனிச் சிக்கல் எழவில்லை.

உண்மையான போராட்டம் பட்டறையில்தான் நடந்தது. முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் பழைய வகை ஸ்டாண்டை நான் ஏற்கவில்லை. சைக்கிள் சாய்ந்தால் ரிம் கோணும், பூட்டையும் சட்டத்தோடு சேர்த்துப் போட முடியாது. துத்தநாக முலாம் பூசிய குழாயை வாங்கி வளைத்து வெல்டிங் வைத்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். அப்படிச் செய்தால் பற்றவைத்த இடத்தில் முலாம் எரிந்துபோய், இந்த உப்புக் காற்றில் துரு அங்கிருந்துதான் கிளம்பும். எனவே சாதாரண இரும்புக் குழாயில் வெல்டிங் வேலை முழுவதையும் முடித்து, அதன்பின் வெளியூருக்கு அனுப்பித் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தோம். செலவு கூடியது, அது தேவையான செலவுதான்.

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வாரி இறைக்கும் மணல் சைக்கிள் சங்கிலியில் ஏறாதிருக்க அந்தப் பக்கம் சுவரெழுப்பி, வடக்கே திறப்பு விட்டோம். பின்னால் மீன் பெட்டி கட்டிவரும் வியாபாரிகளுக்காகக் கடைசி இடத்தை அகலமாக வைத்தோம். கிணற்று நீர் உப்பு என்பதால் சைக்கிள் கழுவும் குழாய் வைக்கவில்லை. காற்றடிக்கும் பம்பு ஒன்றைச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறோம். அதன் வாஷரைத்தான் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது.