அப்பாவின் நோக்கியா 1100

அப்பாவின் பழைய சக ஊழியர் ஒருவருடைய தொலைபேசி எண்ணைத் தேடுவதற்காக, சென்ற மாதம் அப்பாவின் நோக்கியா 1100 கைத்தொலைபேசியை மேசை இழுப்பறையிலிருந்து வெளியே எடுத்தேன். புதிய பிஎல்-5சி மின்கலத்தைப் பொருத்தியதும், பழைய சிம் அட்டையுடனேயே அது உயிர்பெற்றது. ஆனால் சிக்னல் மட்டும் வரவில்லை. சிங்கப்பூரில் அப்போதிருந்த மூன்று தொலைத்தொடர்பு நிறுவனங்களும் 2017 ஏப்ரல் 1 முதல் 2ஜி எனும் இரண்டாம் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவையை நிறுத்தத் தொடங்கின. இந்தக் கருவிக்கு 2ஜி தவிர வேறொன்றும் தெரியாது. தன்னிடம் ஒரு பழுதும் இல்லாமலே அது பேச்சிழந்து கிடக்கிறது.

2005இல் கட்டாயப் படைப்பணியான தேசிய சேவைக்குச் சென்றபோது எனக்காக வாங்கியது அது. கேமரா உள்ள கைத்தொலைபேசிகளைப் படைமுகாமுக்குள் கொண்டுசெல்ல அப்போது அனுமதி இல்லை. ஆகவே கேமரா இல்லாததே அதன் முதல் தகுதியாயிற்று. பொத்தான்களை மூடிய ஒற்றை ரப்பர் தகட்டினுள் தூசி புகாது, வியர்த்த கையிலிருந்தும் வழுக்காது. விளக்கணைத்த பிறகு அலமாரிப் பூட்டைத் திறக்க, தலைப்பகுதியில் இருந்த சிறிய டார்ச் விளக்கு எத்தனையோ இரவுகளில் உதவியது.

சேவை முடிந்து நான் வேறு கருவிக்கு மாறியதும் அது அப்பாவிடம் சென்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சார்ஜ் செய்தால் வெள்ளிக்கிழமை வரை அவர் அதைப் பற்றி நினைக்கவே மாட்டார். இத்தனைக்கும் அந்த மின்கலத்தின் கொள்ளளவு 850 மில்லி ஆம்பியர் மணிதான். இன்றைய திறன்பேசிகள் பலவற்றில் அதைப்போல ஐந்து மடங்கு இருக்கிறது. 96க்கு 65 புள்ளிகள் கொண்ட ஒற்றை நிறத் திரையை ஒளிரச் செய்வதும், அழைப்பு வருகிறதா என்று இடையிடையே சிக்னல் கோபுரத்தைக் கவனிப்பதும் தவிர அதற்குப் பெரிதாக வேலை கிடையாது. வானொலியில் ஒலி 96.8 தமிழ் நிலையம் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கைத்தொலைபேசி இருந்தால், மணி அடிப்பதற்குச் சற்று முன்பே வானொலி ‘டிர்ர்’ என்று இரையும். 2ஜி அலை விட்டுவிட்டுத் துடிப்பதால் எழும் இரைச்சல் அது. அதைக் கேட்டவுடன் அப்பா எழுந்துவிடுவார்.

அதன் பெருங்குறை தமிழ் தெரியாததுதான். ஒரு குறுஞ்செய்திக்கு உரிய இடம் 140 பைட். அதில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும், உலக மொழிகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ் என்றால் 70 குறிகளே அடங்கும். புள்ளியும் துணைக்குறியும்கூடத் தனித்தனி இடம் பிடிப்பதால், ‘வணக்கம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் ஏழு இடங்களை எடுத்துக்கொள்ளும். எங்கள் கருவியிலோ அந்த வசதியும் இல்லை. தமிழில் வந்த செய்தி வெறும் கட்டங்களாகவே தெரிந்தது. ஒற்றுப்பிழை கண்டாலே சிவப்பு மையால் வட்டமிடும் பழக்கமுள்ள அப்பா, பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும் ஆங்கில எழுத்துகளில் தம் மொழியை எழுத மனமின்றிக் குறுஞ்செய்தியையே கைவிட்டார். எதுவானாலும் அழைத்துத்தான் சொல்வார். இன்று திறன்பேசியில் அவர் ஒற்று மிகும் இடம் தவறாமல் நீண்ட செய்திகள் அனுப்பும்போது, அந்தப் பத்தாண்டுகளில் அவர் எழுதாமல் விட்டவற்றை எண்ணி எனக்கு வருத்தமாக இருக்கும்.

திறன்பேசி இல்லாமல் இங்கே இனிக் காலந்தள்ளுவது கடினம் என்பதையும் நான் மறுக்கவில்லை. அரசுச் சேவைகளுக்கான அடையாளச் செயலி சிங்பாஸ், கைத்தொலைபேசி எண்வழிப் பணம் அனுப்பும் பேநவ், பலதுறை மருந்தகம் எனும் அரசுப் பொது மருத்துவ நிலையத்தில் முன்பதிவு என எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ஆனால் தீங்கான செயலியைப் பதிவிறக்கச் செய்து வங்கிக் கணக்கைக் காலிசெய்யும் மோசடிகளைப் பற்றிச் செய்தியில் படிக்கும்போதெல்லாம், எந்தச் செயலியையும் ஏற்காத அந்தச் சிறு கருவி எவ்வளவு பாதுகாப்பாக இருந்தது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதன் நினைவகத்தில் 50 பெயர்களுக்குத்தான் இடம். புளூடூத்தும் இல்லை, கணினியுடன் இணைக்க வடமும் இல்லை என்பதால், 2017இல் அப்பா தேவையான எண்களை மட்டும் கையால் படியெடுத்தார். மற்றவை உள்ளேயே தங்கிவிட்டன. அவர் தேடிய நண்பரின் எண்ணும் அப்படித் தங்கியதுதான், 6இல் தொடங்கும் வீட்டு எண். பழைய திரையைப் பார்த்துப் பார்த்துப் புதிய கைத்தொலைபேசியில் ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினார். நண்பரே எடுத்தார், இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள்.