தைப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

தையல் கற்கத் தொடங்குபவர்கள் முதலில் குறை சொல்வது மிஷினைத்தான். நூல் அறுகிறது, துணி சுருங்குகிறது, தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று அதையே திருகிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பல ஆண்டுகளாகத் தைத்துக் கொடுத்துவரும் இந்த நிலையில், தொடக்கத்தில் தைத்த உடைகளை நினைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. உடை கெட்டுப்போவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை, ஊசி துணியைத் தொடுவதற்கு முன்பே, அளவெடுக்கும்போதும் வெட்டும்போதும் நடந்து முடிந்துவிடுகின்றன. மிஷினால் வரும் கோளாறுகள் சிலவே. அவற்றின் காரணம் புரிந்துவிட்டால் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம்.

நான் கற்றது ஈரோட்டில், எங்கள் தெருவில் சிறிய தையல் கடை வைத்திருந்த ஓர் அக்காவிடம். தொடக்க நாட்களில் அவர் துணியைக் கையில் கொடுக்கவே இல்லை. செய்தித்தாளில் நேர்க்கோடு, வளைகோடு, வட்டம் என்று வரைந்து, நூல் கோக்காத ஊசியால் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னார். எப்போது ரவிக்கை தைக்கலாம் என்று நான் கேட்கும்போதெல்லாம், "அவசரப்படாத கண்ணு, மொதல்ல கால் பழகட்டும்" என்பார். காலால் மிதிக்கும் மிஷினில் சக்கரம் நம்மை நோக்கியே சுழல வேண்டும். பழகாத கால் நின்று நின்று மிதிக்கும்போது சக்கரம் சட்டென்று பின்புறமாகச் சுழன்றுவிடும்; நூல் கோத்திருந்தால் அந்த நொடியே அது சிக்கி அறுந்துவிடும். காகிதத்தில் விழும் துளைகளோ எதையும் மறைப்பதில்லை. கால் தடுமாறிய இடமும் கை இழுத்த இடமும் கோட்டை விட்டு விலகிய துளைகளாக அப்படியே தெரிந்துவிடும். இன்று என்னிடம் கற்க வருபவர்களுக்கும் நான் காகிதத்தில்தான் தொடங்குகிறேன்.

மிதிக்கப் பழகியதும் நம் வீடுகளில் எல்லோரும் கைவைப்பது ரவிக்கையில்தான். தையற்கூலியை மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காகவே பலர் தையல் கற்க வருவதால் அது இயல்பு. ஆனால் கற்பவர் முதலில் எடுக்கக் கூடாத உடை என்று ஒன்று உண்டென்றால் அது ரவிக்கையே என்று நான் உறுதியாக நம்புகிறேன். இழுத்தால் நீளாத நெய்த துணியை, உடம்போடு ஒட்டி நிற்கும்படி, மூச்சு விடுவதற்கும் கையைத் தூக்குவதற்கும் வேண்டிய அளவு மட்டும் தளர்வு கொடுத்துத் தைக்க வேண்டியிருக்கிறது. உடம்பின் வளைவுக்கு ஏற்பத் துணியை மடித்துத் தைக்கும் டாட் பிடிப்பது, வளைந்த கைக்குழியில் கையை ஏற்றுவது, கழுத்துக்குப் பட்டி வைப்பது, கொக்கிப் பட்டி பிடிப்பது என்று தையலில் கடினமானவை எல்லாம் அந்தச் சிறிய உடையில் ஒன்றுகூடியிருக்கின்றன. தலையணை உறை, பிறகு உள்பாவாடை, பிறகு குழந்தைக்குக் கவுன், அதன்பின் சுடிதார், கடைசியில் ரவிக்கை என்ற வரிசையே சரி. பாவாடையில் கால் அங்குலம் பிசகினால் இடுப்பு நாடாவை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். ரவிக்கையில் அதே கால் அங்குலத்தால் கொக்கி மாட்டவே முடியாமல் போகலாம்.

மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தையல் எப்படி விழுகிறது என்பதை யாராவது தொடக்கத்திலேயே எனக்கு விளக்கியிருந்தால் எவ்வளவோ நேரம் மிஞ்சியிருக்கும். மேலிருந்து வரும் நூலும், கீழே நூல் சுற்றிய பாபின் என்ற சிறு உருளையிலிருந்து வரும் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதுதான் மிஷின் தையல். எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மிஷினும் முனையில் துளையுள்ள ஊசியையும், துணியின் மறுபக்கத்தில் இரண்டாவது நூலைக் கொண்டு ஓடும் ஷட்டிலையும் கொண்டு இந்த முறையில்தான் தைத்தது. ஊசி கீழே இறங்கி மறுபடி மேலே ஏறத் தொடங்கும் கணத்தில், அதன் ஒரு பக்கத்தில் நூல் சற்றே தளர்ந்து சிறு வளையமாகப் புடைக்கிறது. ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்துக்குள் நுழைந்து அதை விரித்து, பாபினைத் தாங்கும் பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோகிறது. தகட்டைத் திறந்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டவருக்கு, தையல் ஏன் விட்டுவிட்டு விழுகிறது என்பது தானாகவே விளங்கிவிடும். ஊசி வளைந்திருந்தாலும், மேலே முழுவதுமாக ஏறாமல் பூட்டப்பட்டிருந்தாலும், பக்கம் மாறியிருந்தாலும் ஷட்டிலின் முனை வளையத்தைத் தவறவிடுகிறது. ஊசியில் நீளப் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமிருந்துதான் துளைக்குள் நூலைக் கோக்க வேண்டும்.

இன்னொன்று, துணியின் அடிப்பக்கத்தில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்வது. கோளாறு கீழே தெரிவதால் எல்லோரும் பாபின் கேஸின் சின்னத் திருகாணியைத் திருகிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் மேல்நூலில்தான் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் இறங்கியிருக்கும்போது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகி மூடியிருக்கும். அப்போது நூலைக் கோத்தால் அது தட்டுகளுக்கு இடையில் போய் உட்காராமல் மேலோடு நின்றுவிடும். ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து நூலைக் கோத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பாபின் கேஸைச் சோதிக்க வேண்டுமானால், வெளியே எடுத்து நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். அது தானாக வழுக்கி இறங்கக் கூடாது. கையை லேசாக உதறினால் மட்டும் சிறிது இறங்கி நிற்க வேண்டும்.

ஊசியின் எண்ணையும் கவனிக்க வேண்டும். உறையில் 90/14 என்று இருந்தால், 90 என்பது ஊசித் தண்டின் பருமன் 0.9 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது; 14 என்பது அதே பருமனுக்கான இன்னொரு எண். சாதாரணப் பருத்திக்கு 14, மெல்லிய பட்டுக்கும் ஜார்ஜெட்டுக்கும் 9 அல்லது 11, ஜீன்ஸ் துணிக்கு 16 அல்லது 18 என்று வைத்துக்கொண்டால் போதும். பருத்திக்குப் போட்ட ஊசியாலேயே பட்டையும் தைத்துவிட்டு, இழை இழுத்துக்கொண்டுவிட்டதே என்று வருந்துவது தேவையே இல்லாத வருத்தம்.

இனி துணிக்கு வருகிறேன். நெசவில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு நூல் தறியில் இழுத்துக் கட்டப்பட்டே நெய்யப்படுவதால் அந்த வாக்கில் துணி அதிகம் நீளாது. ஊடை வாக்கில் சிறிது நீளும். இரண்டுக்கும் நடுவே 45 பாகை சாய்வில், தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் வாக்கில், நன்றாக நீளும். உடையின் நீளம் பாவு வாக்கில் வரும்படி வெட்டுவதுதான் பொது விதி. துணியை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு காலைப் பாவு வாக்கிலும் மறு காலைச் சாய்வாகவும் வெட்டிய பேன்ட், துவைக்கத் துவைக்க ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும்; அதை எந்தத் தையலாலும் சரிசெய்ய முடியாது. கழுத்துப் பட்டிக்கும், ஓரத்தில் வைத்துத் தைக்கும் மெல்லிய பைப்பிங்குக்கும் மட்டும் சாய்வு வாக்கில்தான் துணி வேண்டும், ஏனெனில் வளைவில் சுருக்கமில்லாமல் படிவது அந்த வாக்கில் வெட்டிய துணியே. சேலையோடு வரும் ரவிக்கைத் துணியில் அந்தப் பொது விதியை நாம் தெரிந்தே மீறுகிறோம். கரை பாவு வாக்கில் ஓடுகிறது. அது கையின் விளிம்பில் சுற்றி வர வேண்டுமென்றால் கையின் நீளம் ஊடை வாக்கில் வந்தே ஆக வேண்டும். கை சிறிய துண்டு என்பதால் அதில் பெரிய கேடு எதுவும் வருவதில்லை.

வெட்டுவதற்கு முன் பருத்தியை நனைத்து உலர்த்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். லைனிங் துணியை மட்டும் மறந்துவிடுவார்கள். பட்டோ பாலியஸ்டரோ மேலே இருக்க, நனைக்காத பருத்தி லைனிங்கை உள்ளே வைத்துத் தைத்தால், முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி மேல்துணியை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். அந்தக் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டக் கூடாது. வீட்டில் யாரையும் வெட்ட விடவும் கூடாது.

அளவுக்கு வருவோம். நம் ஊரில் உடம்பை அளப்பதைவிட அளவு ரவிக்கையைக் கொடுப்பதே வழக்கம். பல முறை துவைத்து உடுத்திய ரவிக்கை, அதிலும் முன்பக்கம் கிராஸ் கட்டிங்காக இருந்தால், தைத்த நாளில் இருந்த அளவில் இருப்பதில்லை. அதை மேசையில் விரித்து இழுத்து அளந்தால், தேய்ந்த அளவையும் அந்த ரவிக்கையில் முன்பே இருந்த குறையையும் சேர்த்தே புதிய துணியில் படியெடுக்கிறோம். அளவு ரவிக்கையை வைத்துக்கொண்டாலும் மார்பு, இடுப்பு, தோள், கைச்சுற்று ஆகியவற்றை உடம்பில் அளந்து ஒப்பிடுவது நல்லது.

அளந்ததைத் துணிக்கு மாற்றும் இடம்தான் கணக்கு தெரியாதவரையும் தெரிந்தவரையும் ஒருசேர ஏமாற்றுகிறது. மார்புச் சுற்று 36 அங்குலம் என்றால் கால்பங்கு 9 அங்குலம். அதனோடு தளர்வுக்கும் தையலுக்கும் சேர்த்துக் கோடு போடுகிறோம். துணி நான்காக மடிந்திருப்பதால் கோடு கால் அங்குலம் தள்ளிப்போனால் சுற்றளவில் ஓர் அங்குலம் மாறிவிடுகிறது. மழுங்கிய சாக்குக்கட்டி போடும் கோட்டின் பருமனே இதற்குப் போதும். கோட்டின் உள்ளே வெட்டுவதா, மேலே வெட்டுவதா, வெளியே வெட்டுவதா என்பதை முதல் வெட்டுக்கு முன்பே முடிவுசெய்து கடைசி வெட்டு வரை மாற்றாமல் இருக்க வேண்டும்.

கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் என் முதல் ரவிக்கைகளில் பெரும்பாலானவை அதனால்தான் வீணாயின. மற்ற இடங்களில் தையலுக்கு விடும் துணி, அளவுக்கு வெளியே இருக்கிறது. தைத்ததும் உடை குறைந்து சரியான அளவுக்கு வருகிறது. கழுத்து ஒரு திறப்பு. அங்கே கால் அங்குலம் உள்ளே வாங்கித் தைத்தால் திறப்பு எல்லாப் பக்கமும் கால் அங்குலம் பெரிதாகிறது. ஆகவே நினைத்த கழுத்தைவிடச் சிறியதாகவே வெட்ட வேண்டும். மடிப்பின் மேல் வெட்டுவதால் அகலத்தில் இந்தப் பிசகு இரட்டிப்பாகித் தோள் வழுக்கத் தொடங்குகிறது. பின்கழுத்தை ஆழமாக வைக்கச் சொல்லும்போது முன்கழுத்தின் ஆழத்தையும் கழுத்தின் அகலத்தையும் குறைத்தாக வேண்டும். இரண்டுமே தாராளமாக இருந்தால் தோளைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. பின்கழுத்தில் கட்டும் கயிறு வெறும் அழகுக்கானதன்று. விரிந்த தோள்களை அதுதான் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

கையில் நேரும் தவறு வேறு வகை. கைக்குழியின் வளைவு பின்பக்கத்தைவிட முன்பக்கத்தில் ஆழமாக இருப்பதால், கையின் மேல்வளைவிலும் முன்பக்கம் சற்று அதிகம் குடையப்படுகிறது. அதனால் வலக்கை வேறு, இடக்கை வேறு. துணியின் இரு நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி மடித்து வெட்டினால் இரண்டும் சரியாக அமையும். தனித்தனியாக ஒரே பக்கம் வைத்து வெட்டினால் இரண்டும் ஒரே கைக்கானவையாகிவிடும். முன்வளைவில் ஒரு சிறு வெட்டுக்குறி போட்டுவிட்டால் தைக்கும்போது குழப்பம் வராது.

தைக்கும் வேலையில் சொல்ல அதிகமில்லை. டாட்டின் முனை மார்பின் உச்சிக்கு அரை முதல் ஓர் அங்குலம் முன்பே, நூலிழை அளவுக்குக் குறுகி முடிய வேண்டும். வளைவுகளில் தையலுக்கு வெளியே உள்ள துணியில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் அது திரும்பிப் படியும். ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி போடச் சோம்பல்படக் கூடாது. பயிற்சிக்குக் காடா துணியே போதும்; விலையும் குறைவு, பாவும் ஊடையும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத் தையலில் உள்ளே விடும் துணியைக் கற்பவர்கள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள்; அது வேண்டாம். ஒவ்வொரு ஓரத்திலும் குறைந்தது ஓர் அங்குலம் விடலாம். பின்னால் உடம்பு பருத்து, தையலைக் கால் அங்குலம் வெளியே தள்ளினால், முன்னும் பின்னுமாக இரு பக்கமும் சேர்ந்து சுற்றளவில் ஓர் அங்குலம் கூடிவிடும். கையின் அடித்தையலிலும் அதே அளவு துணி விட்டிருந்தால்தான் இது முடியும். பருத்தியில் பழைய தையலின் துளைகள் ஒரு சலவையில் மறைந்துவிடும். பட்டில் அவை மறைவதில்லை. அதனால் பட்டு ரவிக்கையின் பக்கத் தையலை நான் எடுத்தவுடன் மிஷினில் போடுவதில்லை. மெல்லிய ஊசியால் கையில் ஓட்டுத் தையல் போட்டு, உடுத்திப் பார்க்கச் சொல்லி, கையைத் தூக்கவும் குனியவும் சொல்லி, அவர் போதும் என்ற பிறகே மிஷினுக்கு எடுத்துப்போகிறேன்.